மைல்களும் கல்லறைகளும்: மேற்கு நோக்கிய வண்டித் தடத்தில் பெண்கள் எழுதிய நாட்குறிப்புகள்



கவிஞர்கள் நிறைந்த அவையில், இலக்கியம் என்னும் எண்ணமே இன்றி எழுதப்பட்ட சில ஏடுகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழக்கூடும். எழட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க நாட்டின் கிழக்கிலிருந்து மேற்குக் கரை நோக்கி மாட்டு வண்டிகளில் புறப்பட்ட குடும்பங்களுள் எழுதத் தெரிந்தவர் சிலர் நாள்தோறும் குறிப்பு எழுதினர். கடிதமாகவும் பிற்கால நினைவுரையாகவும் எழுதியவரும் உண்டு. பிளாட் ஆற்று வழியே சென்றவர்களின் எழுத்துகளைத் தொகுத்து அட்டவணையிட்ட மெரில் மேட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1988இல் வெளியிட்ட நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காட்டுகிறார். அவற்றுள் பெண்கள் எழுதியவை எண்ணிக்கையில் குறைவு. எனினும் வண்டியின் உள்ளே என்ன நடந்தது என்பதை அறிய அவற்றை விட்டால் வேறு வழியில்லை.

வழியைப் பற்றிச் சிறிது. மிசௌரி ஆற்றங்கரை ஊர்களாகிய இண்டிபெண்டன்ஸ், செயின்ட் ஜோசப் முதலியவற்றில் வண்டிகள் கூடும். ஏப்ரல் இறுதியில் சமவெளியில் புல் முளைக்கும். முளைக்கும் முன் புறப்பட்டால் மாடுகளுக்குத் தீனியில்லை; தாமதித்தால் மேற்கு மலைகளில் பனி வழியை மறித்துவிடும். பிளாட் ஆற்றைப் பற்றிக்கொண்டு மேற்கே சென்று, ராக்கி மலைத்தொடரைத் தெற்குக் கணவாய் எனப்பட்ட அகன்ற மேட்டில் கடந்து, அதன்பின் ஒரு கிளை வடமேற்கே ஒரிகனுக்கும் மற்றொரு கிளை தென்மேற்கே கலிபோர்னியாவுக்கும் பிரியும். மொத்தம் 2,000 மைல் அளவு. நாளொன்றுக்குச் சராசரி 15 மைல். நான்கு முதல் ஆறு மாதம். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் ஒரிகனுக்குச் சென்றனர். 1848 சனவரி 24ஆம் நாள் கலிபோர்னியாவின் கொலோமாவில் பொன் காணப்பட்ட பிறகு வழி நெரிசலாயிற்று. 1849இல் தரைவழியே கலிபோர்னியாவுக்குச் சென்றோர் ஏறத்தாழ 25,000 பேர்; 1852இல் 50,000 பேர். 1840 முதல் 1860 வரை இவ்விரு நிலங்களுக்கும் சென்றோர் இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல் என ஜான் அன்ரூ என்னும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளார். 1869 மே 10ஆம் நாள் யூட்டாவில் கிழக்கு மேற்கு இருப்புப்பாதைகள் இணைந்தன. அதன்பின் வண்டித் தடத்துக்குத் தேவை குறைந்தது.

திரைப்படங்கள் இவ்வண்டியை நமக்குத் தவறாகக் காட்டியிருக்கின்றன. ஆறு குதிரைகள் பூட்டிய பெரிய தேரன்று அது. பண்ணையில் மூட்டை ஏற்றிய சாதாரண வண்டியே. பத்தடி நீளம், நான்கடி அகலம். மேலே மரத்தை வளைத்துக் கட்டிய வில்வளையங்கள். அவற்றின்மேல் ஆளிவிதை எண்ணெய் தடவிய கித்தான் கூண்டு. ஏற்றத்தக்க பாரம் 2,000 முதல் 2,500 பவுண்டு. பெரும்பாலோர் பூட்டியது குதிரையை அன்று, எருதையே. எருது மெல்ல நடக்கும்; ஆனால் கிடைத்த புல்லைத் தின்று பிழைக்கும்; விலையும் குறைவு. ஓட்டுபவன் வண்டியில் அமர்வதில்லை. எருதுகளின் இடப்புறம் நடந்து வருவான். நோயாளியும் கைக்குழந்தையும் தவிர ஏனையோரும் நடந்தனர். வண்டியில் இடம் இல்லை என்பது ஒரு காரணம்; எருதுகளின் மேல் இரக்கம் மற்றொரு காரணம்; வண்டியின் குலுக்கல் பொறுக்க முடியாதது என்பது மூன்றாவது. காலையில் பாலைக் கலத்தில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால் மாலையில் வெண்ணெய் திரண்டிருக்கும் எனப் பலர் எழுதியுள்ளனர்; குலுக்கலின் அளவை இதனினும் நன்றாகச் சொல்லிவிட முடியாது.

மேற்கே செல்லச் செல்லக் காற்று வறண்டது. குடமும் ஆரக்காலும் வட்டையும் சுருங்கின. சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டை கழன்று விழுந்தது. இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றுநீரில் ஊறப்போட்டனர். மர ஆப்புகளை அடித்து இறுக்கினர். அச்சு முறிந்தால் மரமற்ற சமவெளியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் முன்யோசனை உடையவர்கள் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டி எடுத்துச் சென்றனர். உமணர் வண்டியின் சேம அச்சை ஔவையின் புறப்பாட்டில் படித்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சு என்னும் இச்சிறு பொருள் பின்னர் ஓர் உயிரின் கதையில் மீண்டும் வரவிருக்கிறது.

யார் விரும்பிச் சென்றனர்? நிலம் வேண்டும், பொன் வேண்டும், மலேரியாக் காய்ச்சல் இல்லாத ஊர் வேண்டும் என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் ஆண்கள். ஜான் மாக் ஃபராகர் 1979இலும், லிலியன் ஷிலிசல் 1982இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை நாட்குறிப்புகள் கொண்டே நிறுவுகின்றன. ஷிலிசல் எடுத்துக்கொண்டவை 103 பெண்களின் எழுத்துகள். மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமை அரிதாக இருந்த காலம் அது. 1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம் ஒரிகனில் மணமான குடியினருக்கு 640 ஏக்கர் வழங்கி, அதில் பாதியை மனைவியின் பெயரிலேயே பதிவு செய்தது. அக்காலத்துக்கு இது வியப்பான ஏற்பாடு. அதே சட்டம் கறுப்பினத்தவர்க்கு ஒரு பிடி மண்ணும் தரவில்லை. அந்நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் அதில் இடமில்லை. அக்கேள்வி பின்னர்.

வழியில் பெண்களின் வேலை வீட்டு வேலையே. ஆனால் வீடு இல்லை. விறகு கிடைக்காத சமவெளியில் காட்டெருதுகளின் காய்ந்த சாணமே எரிபொருள். முன்றானை போன்ற மேல்துணியில் அதைப் பொறுக்கிக் கட்டிவந்து அடுப்பெரித்தனர். வறட்டி தட்டும் நாட்டில் இது செய்தியன்று. பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது செய்தி. தொடக்கத்தில் அருவருத்தவர்கள் இரண்டு வாரத்தில் அதைப் பற்றி எழுதுவதையே விட்டுவிடுகின்றனர். நாட்குறிப்பில் ஒரு சொல் வருவதை நிறுத்தும் இடம் கவனிக்கத்தக்கது. அங்கே ஒரு வாழ்க்கை மாறியிருக்கிறது.

இனி அமெலியா ஸ்டுவர்ட் நைட் என்பவரின் ஏட்டைக் காண்போம். 1853 ஏப்ரல் 9ஆம் நாள் அயோவாவிலிருந்து கணவருடனும் ஏழு குழந்தைகளுடனும் புறப்படுகிறார். அன்றே எழுதத் தொடங்குகிறார். குழந்தைகளில் இருவர் பெயர் புளூட்டார்க், செனெகா. கித்தான் கூண்டுக்குள் கிரேக்கமும் உரோமும் கூடவே சென்றன போலும். முதல் மாதம் முழுதும் மழை, சேறு, காய்ச்சல், தொலைந்த மாடுகள். மழை நின்றால் துணி துவைக்கிறார். தலைவலி என்று எழுதுகிறார். ஒரு நாள் அன்று, பல நாள். சாட் என்னும் சிறுவன் வண்டியிலிருந்து விழுகிறான். சக்கரம் ஏறாமல் தப்புகிறான். ஆகஸ்டு மாதம் லூசி என்னும் பெண்குழந்தையை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வண்டிகள் புறப்பட்டுவிடுகின்றன. இந்த வண்டியில் இருப்பாள் என அவர்களும், அந்த வண்டியில் இருப்பாள் என இவர்களும் எண்ணியிருந்தனர். தாயோ நோயுற்ற மகனைக் கவனித்துக்கொண்டு கூண்டுக்குள் இருந்தார். சில மைல் சென்று மாடுகளுக்கு ஓய்வு தர நின்றபோது, பின்னால் வந்த மற்றொரு குழு லூசியைக் கொண்டுவந்து சேர்த்தது. கரையடியில் அமர்ந்து, வண்டிகள் ஆற்றைக் கடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாளாம். இவ்வளவையும் அமெலியா ஒரு பத்தியில் எழுதிவிட்டு அன்றைய தூரத்துக்கும் தண்ணீருக்கும் திரும்பிவிடுகிறார்.

செப்டம்பர் 17ஆம் நாளுடன் ஏடு முடிகிறது. அதன் இறுதியில் ஒரு செய்தி: சில நாட்கள் கழித்து எட்டாவது குழந்தை பிறந்தது. அதன்பின் தோணிகளிலும் தட்டைப் படகிலும் மூன்று நாள் பாடுபட்டுக் கொலம்பியா ஆற்றைக் கடந்தனர். இரண்டு சோடி எருதுகளைக் கொடுத்து ஒரு மரக்குடிசையும் உருளைக்கிழங்கு நட்ட சிறு நிலமும் வாங்கினர்.

எட்டாவது குழந்தையா எனப் படிப்பவர் திடுக்கிடுகிறார். பின்னோக்கிக் கணக்கிட்டால் புறப்பட்ட நாளிலேயே அப்பெண் கருவுற்றிருந்தார் என்பது விளங்கும். ஐந்து மாதம் சேற்றிலும் புழுதியிலும் மலையேற்றத்திலும் அதைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தத் தலைவலிகளுக்கு இப்போது வேறு பொருள் தெரிகிறது. கருவுறுதலை எழுத்தில் குறிப்பது நாகரிகமன்று என்ற அக்கால வழக்கம் இதற்குக் காரணம் என்பர். உண்மையே. ஆயினும் அது முழுக்காரணம் அன்று எனத் தோன்றுகிறது. எழுதியவருக்கு அது செய்தியே அன்று. உடன் இருந்தது, அவ்வளவே. உடம்பில் இருப்பதை ஒருவர் செய்தியாக எழுதுவதில்லை. புதுக்கவிதையில் சொல்லாமல் விடுதல் என்னும் உத்தியைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. இங்கு உத்தி ஏதும் இல்லை. சொல்லாமல் விட்டது மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞர்கள்தாம் ஆராய வேண்டும்.

1849 முதல் 1853 வரை பிளாட் ஆற்றுச் சமவெளியில் காலரா ஆடியது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் இல்லை. வழிப்பயணிகளைக் கொன்றதில் நோய்க்கே முதலிடம். ஆற்றில் மூழ்குதல், தவறுதலாக வெடித்த துப்பாக்கி, சக்கரத்தடியில் விழுதல் ஆகியவை அடுத்து. சவப்பெட்டிக்குப் பலகை இல்லை. போர்வையில் சுற்றிப் புதைத்தனர். ஓநாய் தோண்டாதிருக்கச் சிலர் வழியின் நடுவிலேயே குழி வெட்டிப் புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கினர். தாய் புதைந்த இடத்தின்மேல் அவள் வண்டியே ஏறிச் செல்லும், அடையாளமும் மிஞ்சாது.

1852இல் ஒரிகனுக்குச் சென்ற சிசிலியா ஆடம்ஸ், பார்த்தீனியா பிளாங்க் என்னும் இரட்டைச் சகோதரியர் சேர்ந்து எழுதிய ஏட்டில் அன்றாடம் சென்ற மைலும், அன்று கண்ட புதிய கல்லறைகளின் எண்ணிக்கையும் அடுத்தடுத்து வருகின்றன. புல் எப்படி, தண்ணீர் எப்படி, கல்லறை எத்தனை என்று கணக்குப் பேரேடு போல் அது நடக்கிறது. ஆண்கள் மைலை எண்ணினர், பெண்கள் கல்லறையை எண்ணினர் என ஆய்வாளர் சிலர் சூத்திரம் போல் எழுதுவர். சூத்திரம் கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் கல்லறை எண்ணிய ஆண்களும் உண்டு. இச்சகோதரியரோ இரண்டையும் எண்ணினர். வேறுபாடு எண்ணியதில் இல்லை, எண்ணியபின் நின்றதில் இருக்கிறது எனலாம். பெண்களின் ஏடுகளில் கல்லறைப் பலகையில் எழுதிய பெயர், வயது, ஊர் ஆகியவை மிகுதியாகப் படியெடுக்கப்பட்டுள்ளன. முன்பின் அறியாத ஒருவரின் பெயரை மையும் தாளும் அரிதான இடத்தில் படியெடுத்து வைப்பானேன்? தம் பெயரையும் யாரேனும் அவ்வாறு எழுதிவைப்பர் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

இவ்வேடுகளைப் போற்றுவோர் இவற்றைத் தியாகக் காவியமாக ஆக்கிவிடுவதுண்டு. அவர்களுக்கு விடையாக எலிசபெத் டிக்சன் ஸ்மித் என்பவரின் ஏட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இந்தியானாவிலிருந்து 1847இல் புறப்பட்டவர் அவர். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அவர் எழுதிய நிகழ்ச்சி இது. ஒரு குழு புறப்படுகிறது. ஒரு குடும்பம் மட்டும் நகரவில்லை. அக்குடும்பத் தலைவி இனி ஓரடியும் வரமாட்டேன் என்று அமர்ந்துவிட்டாள். குழந்தைகளையும் விடவில்லை. கணவன் எருதுகளைப் பூட்டிவைத்து மூன்று மணிநேரம் கெஞ்சினான். எலிசபெத் தம் கணவரிடம் இதைச் சொல்ல, அவரும் வேறு இருவரும் சென்று ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கி வண்டியில் திணித்தனர். கணவன் அவளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை ஓட்டினான். அவள் எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். கண்ணுக்கு மறைந்தபின் குறுக்கே வந்து கணவனைப் பிடித்தாள். இதற்கிடையே, பின்தங்கிய குதிரை ஒன்றைக் கொண்டுவர மகனை அனுப்பியிருந்தான். பையனைக் கண்டாயா என்று கேட்டான். கண்டேன், கல்லால் அடித்துக் கொன்றுவிட்டேன் என்றாள். அவன் பதறி ஓடினான். அவன் போனபின் அவள் சரக்கு ஏற்றிய வண்டி ஒன்றுக்குத் தீ வைத்தாள். புகை கண்டு ஓடிவந்து அணைத்தவன் அவளை அடித்தான்.

அவள் பெயர் அப்பக்கத்தில் இல்லை. எலிசபெத் அவள்மேல் இரக்கமும் காட்டவில்லை. கணவனுக்கு ஒருவழியாகத் துணிவு வந்தது என்னும் தொனியில்தான் முடிக்கிறார். அக்குழந்தைகளை வண்டியில் ஏற்றக் காரணமானவரும் எலிசபெத்தே என்பதை மறக்கலாகாது. ஒரு பெண் எழுதினாள் என்பதாலேயே அது எல்லாப் பெண்களின் குரல் ஆகிவிடாது. ஆனால் கருத்துரை ஏதும் சேர்க்காமல் எலிசபெத் முழுதாக எழுதிவைத்ததால்தான், வரமாட்டேன் என்ற அவளை இன்று நாம் காண முடிகிறது. இரக்கப்பட்டுச் சுருக்கி எழுதியிருந்தால் தீயும் கல்லும் போயிருக்கும்.

அதே ஏடு நவம்பரில் வேறு முகம் காட்டுகிறது. கொலம்பியா ஆற்றோரம் மழையும் பனியும். எலிசபெத் ஒரு கைக்குழந்தையைச் சுமந்து, மற்றொன்றைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் நடக்கிறார். போர்ட்லாந்து ஊரில் ஒழுகும் கொட்டகையில் கணவர் நோயுற்றுக் கிடக்கிறார். 1848 பிப்ரவரியில் இறக்கிறார். அதை எழுதிய பின் நாட்குறிப்பு நின்றுவிடுகிறது.

நாட்குறிப்புக்கும் நினைவுரைக்கும் உள்ள தூரத்தை அறியச் சாரா ராய்ஸ் உதவுவார். 1849இல் கணவரோடும் இரண்டு வயதுப் பெண்ணோடும் பாலையைக் கடந்தவர். வழி தவறி, தண்ணீரும் புல்லும் தீர்ந்து, வந்த வழியே திரும்ப நேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், மெய்யியலறிஞரான மகன் ஜோசியா ராய்ஸ் கேட்டுக்கொண்டதால் எழுதினார், 1932இல் நூலாயிற்று. அதில் பாலைப்புதர் எரிவது மோசே கண்ட முட்புதராகவே தெரிகிறது. நல்ல உரைநடை, நம்பிக்கையின் அழகும் உண்டு. ஆனால் வழி எங்கே முடியும் என்பது தெரிந்த ஒருவர் எழுதியது அது. அமெலியாவுக்கும் எலிசபெத்துக்கும் நாளைய தினம் தெரியாது. அவர்கள் வாக்கியத்தின் வறட்சி அங்கிருந்தே வருகிறது.

கிடைத்த ஏடுகளைப் பற்றி இவ்வளவு. கிடைக்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

டாம்சன் டோனர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட்டில் பிறந்தவர், ஆசிரியை, தாவரவியலில் ஈடுபாடு உடையவர். முதல் கணவரையும் குழந்தைகளையும் நோய்க்குப் பறிகொடுத்தபின் இல்லினாய் சென்று ஜார்ஜ் டோனர் என்னும் குடியானவரை மணந்தார். 1846இல் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டபோது வண்டியில் பாடநூல்களையும் வண்ணங்களையும் ஏற்றிக்கொண்டார். அங்கே பெண்களுக்குப் பள்ளி வைப்பது அவர் எண்ணம். வழியில் பூக்களைச் சேகரித்தார், நாட்குறிப்பும் எழுதினார். சூன் மாதம் பிளாட் ஆற்றங்கரையிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஊர்ச் செய்தித்தாளில் அச்சாகிக் கிடைக்கிறது. இதைவிடக் கொடிய எதுவும் இனி நேராவிட்டால், புறப்படுவது ஒன்றே தொல்லை என்று சொல்லிவிடலாம் என்பது அக்கடிதத்தின் கருத்து.

லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருந்தார். ஆளொன்றுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றியிறைச்சி, 10 பவுண்டு காப்பி என அளவுகளைத் துல்லியமாகச் சொன்ன நூல் அது. பெரிய உப்பு ஏரிக்குத் தெற்கே குறுக்குவழி ஒன்று உண்டு என்றும் ஒரு வரியில் சொன்னது. எழுதியபோது அவர் அவ்வழியே சென்றதே இல்லை. அச்சில் வந்த அந்த ஒரு வரியை நம்பி டோனர் குழு திரும்பியது. உப்புப் பாலையின் விளிம்பில் ஒரு பலகையும் அருகே கிழிந்த தாள் துண்டுகளும் கிடந்தன. டாம்சன் மண்டியிட்டு அத்துண்டுகளைப் பொறுக்கிப் பலகையில் பொருத்திப் படித்தார் என அவர் மகள் எலைசா 1911இல் வெளியிட்ட நூல் கூறும். இரண்டு பகலும் இரண்டு இரவும் விடாது ஓட்டினால் தண்ணீர் கிட்டும் என்றது தாள். 40 மைல் எனப்பட்ட பாலை 80 மைலாக நீண்டது. மாடுகள் வெறிகொண்டு ஓடின. வண்டிகள் மணலில் நின்றன. இழந்த நாட்களின் விலையைச் சியரா நெவாடாவில் கொடுக்க நேர்ந்தது. அக்டோபர் இறுதியில் பனி மூடியது.

ஏரிக்கு வந்துசேர்வதற்குச் சில மைல் முன்பே ஜார்ஜ் டோனரின் வண்டி அச்சு முறிந்தது. புதிய அச்சுக்கு மரம் செதுக்கும்போது அவர் கையில் வெட்டுப்பட்டது. புண் சீழ்கொண்டது, குளிர்காலம் முழுதும் ஆறவில்லை. மீட்புக் குழுக்கள் வந்தபோது டாம்சன் நடக்கும் நிலையில் இருந்தார். தம் மூன்று சிறுமியரையும் அனுப்பினார். தாம் செல்லவில்லை, கணவரை விட்டு வரமாட்டேன் என்றார். 1847 ஏப்ரலில் வந்த இறுதிக் குழு, ஜார்ஜின் உடலைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருக்கக் கண்டது. டாம்சனின் உடல் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை. 87 பேரில் பிழைத்தவர் பாதிக்குச் சற்று மேல். இறந்தவர் உடலை உண்டே பலர் பிழைத்தனர்.

அம்முகாமிலிருந்து கிடைத்த நாட்குறிப்பு பாட்ரிக் பிரீன் என்னும் அயர்லாந்துக்காரருடையது. பெர்க்லியின் பாங்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. 1846 நவம்பர் 20 முதல் 1847 மார்ச் 1 வரை பனி, காற்று, விறகு, செபம், சாவு. டாம்சனின் ஏடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து அமெரிக்கக் கவிஞர்கள் சிலர் எழுதியதுண்டு. பூக்களின் பெயர் தெரிந்த ஒருவர் பனியில் என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிரீனின் ஏட்டில் பிப்ரவரி 28ஆம் நாள் குறிப்பு ஒன்று இருக்கிறது. முதுகில் பெரிய சுமையோடு தொல்குடி மனிதர் ஒருவர் தனியே அவ்வழி வந்தார். வெங்காய வடிவில், சர்க்கரைவள்ளி போலச் சுவைத்த ஐந்தாறு கிழங்குகளைக் கொடுத்துவிட்டுச் சென்றார். அக்குளிர்கால எழுத்துகளில் அந்நிலத்தின் மக்கள் நேராக நுழையும் இடங்கள் மிகச்சில. இதே குழுவுக்கு உணவு கொண்டுவந்து உதவிய லூயிஸ், சால்வடோர் என்னும் மிவோக் இளைஞர் இருவரைப் பசிகொண்ட பயணிகள் சுட்டுத் தின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழிநெடுகத் தொல்குடியினரின் தாக்குதல் என்பது திரைப்படம் பரப்பிய கதை. அன்ரூவின் கணக்குப்படி 1840 முதல் 1860 வரை அவர்களால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர். ஆறுகளைக் கடக்க உதவியும், சால்மன் மீன் விற்றும், வழி காட்டியும் அவர்கள் பெண்களின் ஏடுகளில் அடிக்கடி வருகின்றனர். முதல் மாதத்தில் அச்சத்தோடு எழுதியவரே மூன்றாம் மாதத்தில் மீனுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று எழுதுவார். பயணிகளின் மாடுகள் தின்ற புல், விலகிப்போன காட்டெருது மந்தைகள், சமவெளி மக்களிடம் பரவிய காலரா ஆகியவற்றுக்கு அவ்வேடுகளில் எண்ணிக்கை இல்லை. 1849இல் ஷாயென் மக்கள் பெருந்தொகையில் காலராவுக்கு இரையாயினர். தம் பக்கத்துக் கல்லறைகளை அவ்வளவு கருத்தாக எண்ணிய கைகள் அக்கல்லறைகளை எண்ணவில்லை. அவர்கள் மனம் கொடியது என்று இதற்குப் பொருளன்று. பார்வை வண்டிச் சக்கரத்தின் தடத்தைவிட்டு அகலவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு நூல் இருக்கிறது. பாயூட் இனத்துச் சாரா வின்னமக்கா 1883இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அது. அவர் பாட்டனார் டிரக்கி வெள்ளையரைச் சகோதரர் என நம்பி வரவேற்றவர். வண்டிகள் வரத் தொடங்கியபோது சாரா சிறுகுழந்தை. வெள்ளையர் மனிதரைத் தின்பவர் என்ற செய்தி அம்மக்களிடையே பரவியிருந்தது. ஒரு நாள் அவர்கள் வருகிறார்கள் என்று கேட்டு எல்லோரும் ஓடினர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத தாயும் சிற்றன்னையும், சாராவையும் அவர் உறவுச் சிறுமியையும் மண்ணில் குழிதோண்டிக் கழுத்தளவு புதைத்தனர். முகத்தில் வெயில் படாதிருக்கப் புதர்க்கிளைகளை மேலே நட்டனர். சத்தம் போட்டால் தின்றுவிடுவர் என்று சொல்லிவிட்டுச் சென்றனர். இரவு வந்து தோண்டி எடுக்கும்வரை இரு குழந்தைகளும் மண்ணுக்குள் இருந்தனர்.

மலையில் ஒளிந்திருந்த காலத்தில் தம் மக்கள் சேர்த்துவைத்த குளிர்கால உணவை வழிப்போக்கரான வெள்ளையர் தீயிட்டு அழித்தனர் என்றும் சாரா எழுதுகிறார். மலையைக் கடக்கப் பிந்திவந்து பனியில் மாண்ட ஒரு கூட்டத்தையும் குறிப்பிடுகிறார். தம் மக்கள் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியும், அச்சத்தால் அணுகவில்லை என்கிறார். பாவம், எவ்வளவு துன்பப்பட்டிருப்பர் என்று இரங்கவும் செய்கிறார். எரிந்த உணவும் இந்த இரக்கமும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

டிரக்கி கலிபோர்னியா சென்று ஃபிரேமாண்ட் படையோடு இருந்து திரும்பியபோது, தம்மைப் பற்றி நல்லவர் என்று எழுதிய கடிதம் ஒன்றைப் பெற்றுவந்தார். வெள்ளையரிடம் காட்டினால் அவர்கள் முகம் மலர்வதைக் கண்டார். இத்தாள் பேசுகிறது என்று வியந்தார். கந்தல் நண்பன் என்று அதற்குப் பெயரிட்டார். எங்குச் சென்றாலும் உடன் கொண்டுசென்றார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. 1860இல் இறக்கும் தறுவாயில், தம்மைப் புதைக்கும்போது அத்தாளை மார்பின்மேல் வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.